‘இசட்’ அச்சேறும்போது ‘ஏ’ பழசாகிவிடும்: ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களின் முந்நூறு ஆண்டுச் சிக்கல்

பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 9ஆம் பதிப்பில் மின்சாரம் பற்றிய நெடுங்கட்டுரை 8ஆம் தொகுதியில் இருக்கிறது. அந்தத் தொகுதி 1878இல் வெளிவந்தது. எடிசன் தன் மின்விளக்கை ஊரறிய எரித்துக் காட்டியது 1879 கடைசியில். 1882லேயே லண்டனிலும் நியூயார்க்கிலும் மின் நிலையங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. அந்தப் பதிப்பின் 24 தொகுதிகளும் அச்சாகிப் பொருளடைவும் கைக்கு வந்தபோது வருடம் 1889. அதாவது, முழு செட் அலமாரியில் ஏறிய அன்றைக்கே அதிலிருந்த மின்சாரத்துக்கு வயது பதினொன்று.

கட்டுரையை எழுதிய ஜார்ஜ் கிறிஸ்டல் நல்ல கணிதவியலாளர். அவர் மேல் தப்பில்லை. ‘எலெக்ட்ரிசிட்டி’ என்ற சொல் ‘இ’யில் தொடங்கித் தொலைத்ததுதான் தப்பு. ‘டி’யில் தொடங்கிய டெலிபோனுக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை, அதன் தொகுதி வருவதற்குப் பத்து வருடம் கழிந்திருந்தது.

ஆங்கிலப் பொதுக் கலைக்களஞ்சியங்களின் கதையைப் பெரிய அறிஞர்களின் பெயர்ப் பட்டியலாகச் சொல்வது வழக்கம். அச்சுக்கூடத்துப் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். அகரவரிசையில் அமைந்த ஒரு பெரும்புத்தகத்தை எழுதி, அச்சுக்கோத்து, விற்று முடிக்கப் பல வருடம் ஆகும். அதற்குள் உலகம் நகர்ந்துவிடும். இந்த ஒரு சிக்கலுக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு ஒட்டுவேலை கண்டுபிடித்தது. புத்தகத்துக்குள் என்ன இருக்கும், எவ்வளவு இருக்கும் என்பதைப் பாதிக்குமேல் தீர்மானித்தது அந்த ஒட்டுவேலைகள்தான்.

அகரவரிசையே அப்படியொரு ஏற்பாடுதான். ஜான் ஹாரிஸ் என்ற பாதிரியார் 1704இல் வெளியிட்ட ‘லெக்சிகன் டெக்னிகம்’ அறிவியலையும் தொழில்களையும் ஆங்கிலத்தில் அகரவரிசையில் அடுக்கியது. 1710இல் இரண்டாம் தொகுதி வந்தது. தேடுகிறவருக்கு அகரவரிசை வசதி. படிக்கிறவருக்குத் தொல்லை: வடிவியலின் ஒரு துண்டு ‘ஏ’யில் கிடக்கும், இன்னொன்று ‘டி’யில் கிடக்கும். 1728இல் ‘சைக்ளோபீடியா’வை இரண்டு பெரிய ஃபோலியோ தொகுதிகளாகக் கொண்டுவந்த எஃப்ரெய்ம் சேம்பர்ஸ் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். பூகோள உருண்டை செய்யும் பட்டறையில் தொழில் பழகியவர் அவர். முன்னுரையில் அறிவு முழுவதையும் 47 கிளைகளாகப் பிரித்து ஒரு மரம் போட்டார். ஒவ்வொரு கிளைக்கும் அடியில், அதற்குரிய சொற்கள் எவை என்று வரிசையாகக் கொடுத்தார். கட்டுரைக்குள்ளே ‘இன்னதைக் காண்க’ என்று குறுக்குக் குறிப்புகளை நெய்தார். அந்தக் குறிப்புகளைத் தொடர்ந்து போனால் சிதறிக் கிடக்கும் துறை மறுபடி ஒன்றுசேர வேண்டும் என்பது கணக்கு.

குறுக்குக் குறிப்பு பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் அது ஒரு வாக்குறுதி. ‘ஏ’யில் உட்கார்ந்துகொண்டு ‘வி’யைக் காண்க என்று எழுதும்போது அந்த ‘வி’ இன்னும் எழுதப்பட்டிருக்காது. சேம்பர்ஸ் தனி ஆள், இரண்டு தொகுதியும் சேர்ந்தே வந்தன, ஆகவே வாக்குறுதியைக் காப்பாற்ற அவரால் முடிந்தது. பத்துப் பதினைந்து வருடம் இழுக்கும் பதிப்பில் இடையில் ஆசிரியர் மாறுவார், தலைப்பு மாறும், ஒப்புக்கொண்டவர் கட்டுரை தராமலே செத்துப்போவார். வாசகர் குறிப்பைப் பின்பற்றிப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது.

சேம்பர்ஸின் நூல் 4 கினி (பழைய ஆங்கிலப் பண அளவு) விலையில் சந்தாதாரர்களை நம்பி அச்சானது. நன்றாக விற்றது, அடுத்த பதிப்பைப் பெரிதாகத் திருத்தி எழுத அவர் ஆயத்தமானார். அந்தச் சமயத்தில் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது: திருத்திய பதிப்பு போடுகிறவர்கள் திருத்தங்களைத் தனியாகவும் அச்சிட்டு விற்க வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு. பழைய பதிப்பை வாங்கியவர் மறுபடி முழுவிலை கொடுக்கலாமா என்ற நியாயமான கேள்விதான் அது. கீழவையில் தேறிய மசோதாவை மேலவை தள்ளிவிட்டது. ஆனால் பயந்துபோன புத்தக வியாபாரிகள் பெரிய திருத்தத்தைக் கைவிட்டு 1738இல் மிதமான இரண்டாம் பதிப்போடு நின்றுகொண்டார்கள். திதெரோவின் புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைக்களஞ்சியமும் முதலில் இந்தச் சேம்பர்ஸை மொழிபெயர்க்கும் வேலையாகத்தான் ஆரம்பித்தது.

வாரம் 24 பக்கம்

எடின்பரோவில் 1768 டிசம்பரில் காலின் மக்ஃபார்கர் என்ற அச்சகக்காரரும் ஆண்ட்ரூ பெல் என்ற செப்புத்தகடு செதுக்குபவரும் பிரிட்டானிக்காவைத் தொடங்கினார்கள். வில்லியம் ஸ்மெல்லிக்கு அப்போது வயது 28. 200 பவுண்டு கூலிக்கு நூலைத் தொகுக்கும் முழு வேலையையும் ஒப்புக்கொண்டார். வாரம் 24 பக்கமாக, 100 பகுதிகள். சாதாரணத் தாளில் ஒரு பகுதி 6 பென்ஸ், நல்ல தாளில் 8 பென்ஸ். தமிழ்நாட்டில் பெரிய நூல்களைச் சஞ்சிகை சஞ்சிகையாக வெளியிட்டுச் சந்தா வாங்கினார்களே, அதே முறை.

இந்த முறைக்குக் காரணம் கைமுதல் இல்லாமைதான். இந்த வாரப் பகுதி விற்ற காசில் அடுத்த வாரத்துக்குத் தாள் வாங்கலாம், அச்சுக்கோப்பவருக்குக் கூலி கொடுக்கலாம். இரண்டாவது காரணம் ஈய எழுத்து. முழுப் புத்தகத்தையும் கோத்து அப்படியே நிறுத்திவைக்கிற அளவுக்கு எழுத்து எந்தச் சின்ன அச்சகத்திலும் இருக்காது. ஒரு பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) அச்சானதும் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டால்தான் அடுத்த பாரத்தைக் கோக்க முடியும். பிரித்துப் போட்டபின் அந்தப் பக்கத்தைத் திருத்த வழியில்லை. பின்னால் தெரியவந்த தவறுக்குப் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்றுதான் கதி.

1771இல் முடிந்த மூன்று தொகுதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேலை எப்படி நடந்தது என்று புரியும். முதல் தொகுதி ஏ, பி என்ற இரண்டே எழுத்து. இரண்டாவது சி முதல் எல் வரை. மூன்றாவது எம் முதல் இசட் வரை. ஆரம்பத்தில் கை தாராளமாகப் போயிற்று, உடற்கூறியலுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பக்கம் கிடைத்தது. 100 பகுதிக்குள் அடக்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் பின்வரிசை எழுத்துகளை இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். ‘டபிள்யூ’வில் வரும் பெண் என்ற பதிவு மொத்தமே ஒரு வரி: ஆணின் பெண்பால், ‘ஹோமோ’வை (மனிதனுக்கான லத்தீன் சொல்) காண்க. இதை ஸ்மெல்லியின் பெண்வெறுப்பு என்று பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அகரவரிசையின் கடைசியில் இருக்கிற எவருக்கும் அன்றைக்கு இடம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கலிபோர்னியா தீவா தீபகற்பமா என்று உறுதியாகத் தெரியாது என்றும் அதே பதிப்பு எழுதியது. ஸ்மெல்லி பல நூல்களிலிருந்து வெட்டி ஒட்டித்தான் வேலையை முடித்தார். கத்தரிக்கோலால் செய்த புத்தகம் என்று அவரே வேடிக்கையாகச் சொல்வாராம்.

பகுதி பகுதியாக விற்பதில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஆபிரகாம் ரீஸின் சைக்ளோபீடியா 1802இலிருந்து பகுதிகளாக வந்து 39 உரைத் தொகுதிகளாக முடிந்தது. பகுதிகளைச் சேர்த்து பைண்டு செய்யக் கடைசியில் கொடுத்த தலைப்புப் பக்கங்களில் 1819 என்று போட்டிருந்தது. தாவரவியலில் ஒரு செடிக்கு முதலில் வெளியிட்ட பெயரே செல்லும், ஆகவே தேதி முக்கியம். ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் பல தாவரங்களுக்கு ரீஸில்தான் பெயர் வெளியிட்டார். தலைப்புப் பக்கத்தை நம்பினால் பல வருட வித்தியாசம் வந்துவிடும். ஒவ்வொரு பகுதியும் உண்மையில் எந்த மாதம் வந்தது என்று பின்னால் வந்தவர்கள் துப்பறிய வேண்டியதாயிற்று.

அகரவரிசையே வேண்டாம் என்று துணிந்தவர்களும் உண்டு. கவிஞர் கோல்ரிட்ஜ் திட்டம் போட்டுக்கொடுத்த ‘என்சைக்ளோபீடியா மெட்ரோபாலிடானா’ 1817இலிருந்து 1845 வரை துறைவாரியாக வந்தது. கட்டுரைகள் தரமானவை. ஆனால் ஒரு சந்தேகம் வந்தால் எந்தத் தொகுதியைத் திறப்பது என்று தெரியாத புத்தகத்தை யார் வாங்குவார்கள்? ‘பென்னி சைக்ளோபீடியா’, எடின்பரோ சேம்பர்ஸ் சகோதரர்களின் கலைக்களஞ்சியம் (எஃப்ரெய்முக்கும் இவர்களுக்கும் உறவில்லை) என்று மலிவாக வந்த எல்லாமே அகரவரிசைக்குத் திரும்பின.

இணைப்புத் தொகுதி என்னும் வால்

அச்சானதைத் திருத்த முடியாது, முழுதும் மறுபடி அச்சிடப் பணமில்லை. மிச்சமிருப்பது பின்னால் ஒரு வால் ஒட்டுவது. பிரிட்டானிக்காவின் 3ஆம் பதிப்பு 1788இல் ஆரம்பித்தது. பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேயின் புதிய வேதியியல் நூல் 1789இல் வந்தது. 1801இல் வந்த இணைப்புத் தொகுதிகளில் தாமஸ் தாம்சன் வேதியியலைப் புதிதாக எழுத நேர்ந்தது. மாக்வி நேப்பியர் 1815 முதல் 1824 வரை வெளியிட்ட இணைப்போ தாய்நூலை மிஞ்சிவிட்டது. மால்தஸ், ரிக்கார்டோ, ஜேம்ஸ் மில், வால்டர் ஸ்காட் எல்லாரும் எழுதினார்கள். எகிப்திய எழுத்தைப் படிக்கும் முயற்சி பற்றித் தாமஸ் யங் எழுதிய ‘எகிப்து’ கட்டுரை இதில்தான் வந்தது. வாசகருக்கு மட்டும் இரட்டை வேலை: ஒரே சொல்லை இரண்டு அகரவரிசையில் தேட வேண்டும். முழுநூலுக்கும் சேர்த்த பொருளடைவு பிரிட்டானிக்காவுக்கு 1842இல் முடிந்த 7ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியமும் இந்த வழியே போயிற்று. 1954இல் தொடங்கி 9 தொகுதி வந்தபின், 1968இல் வந்த 10ஆவது தொகுதி இணைப்புத்தான்.

9ஆம் பதிப்புக்கு இன்னொரு சோதனை. அதன் 3ஆம் தொகுதியில் விவிலியம் பற்றி வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித் எழுதிய கட்டுரைக்காக ஸ்காட்லாந்தின் சுதந்திரத் திருச்சபை அவர் மேல் மதவிரோத வழக்கு நடத்தி 1881இல் அவரைப் பேராசிரியர் பதவியிலிருந்து இறக்கியது. ‘பி’ சீக்கிரம் வந்ததில் ஒரு லாபமும் உண்டு. வேலை இழந்தவர் கலைக்களஞ்சியத்துக்கே ஆசிரியராகி, மீதி எழுத்துகளைத் தன் போக்கில் கொண்டுபோனார்.

ஒரே நாளில் ஏ முதல் இசட் வரை

முடிச்சை அவிழ்த்தவர் ஹொரஸ் ஹூப்பர் என்ற அமெரிக்கப் புத்தக வியாபாரி. 1898இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையோடு சேர்ந்து பழைய 9ஆம் பதிப்பைக் குறைந்த விலையில், ஒரு கினி முன்பணம் கட்டினால் போதும், மீதி மாதத் தவணை என்று விற்றார். ஏற்கெனவே பழசான புத்தகம் அள்ளிக்கொண்டு போயிற்று. அந்தப் பணத்தில் 1902-03இல் 11 கூடுதல் தொகுதி சேர்த்து அதற்கு 10ஆம் பதிப்பு என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் 35 தொகுதியும் இரண்டு அகரவரிசையும் கொண்ட பழைய கதைதான் அது.

11ஆம் பதிப்பில்தான் வழி மாறியது. ஹியூ சிஸம் தலைமையில் எல்லாக் கட்டுரைகளையும் கையில் வாங்கிக்கொண்டு, பிறகே அச்சைத் தொடங்கினார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தின் பெயரில் 1910-11இல் 29 தொகுதிகளும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. இதனால் நடைமுறையில் பல விஷயம் மாறிற்று. ‘ஏ’யில் இருப்பவரும் ‘இசட்’டில் இருப்பவரும் ஒரே தேதியில் நின்று பேசினார்கள். எந்தக் குறுக்குக் குறிப்பும் இல்லாத கட்டுரையைக் காட்டாதபடி சரிபார்க்க முடிந்தது. எந்த விவரம் எந்தக் கட்டுரைக்குள் விழுகிறது என்று முன்கூட்டியே தெரிந்ததால், 9ஆம் பதிப்பின் சுமார் 17,000 கட்டுரைகளுக்குப் பதில் சுமார் 40,000 சிறு கட்டுரைகளாக உடைக்கலாம் என்றாயிற்று. ஜேனட் ஹோகார்த் நடத்திய குழு தயாரித்த பொருளடைவு ஒரு முழுத் தொகுதி. மெல்லிய ‘இந்தியா பேப்பர்’ அச்சில் ஒரு தொகுதி சுமார் ஓர் அங்குலத் தடிமன்தான். மடியில் வைத்துப் படிக்கலாம்.

இதற்கெல்லாம் விலை, பல வருடம் ஒரு பைசா வருமானமில்லாமல் ஆசிரியர் குழுவுக்குச் சம்பளம் போடுவது. தவணை விற்பனை கொண்டுவந்த பணமில்லாமல் இது நடந்திருக்காது. புகழ் பாடுகிறவர்கள் மறந்துவிடும் பக்கமும் இருக்கிறது. கறுப்பினத்தவர் பற்றிய கட்டுரை அப்பட்டமான இனவெறி. 1903லேயே நோபல் பரிசு பெற்றிருந்த மேரி கியூரிக்குத் தனிக் கட்டுரை இல்லை, கணவர் பியரின் கட்டுரைக்குள்தான் இடம். மூன்றே வருடத்தில் உலகப்போர் வந்தது. 1922இல் மறுபடி மூன்று தொகுதி வால் ஒட்டி 12ஆம் பதிப்பு என்றார்கள்.

வரிக்கு வரி

14ஆம் பதிப்பு 24 தொகுதிகளாக 1929 செப்டம்பரில் வந்தது. அடுத்த மாதம் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தது. அப்போதைய உரிமையாளர், தபால் வழி வியாபாரத்தில் பெயர்போன சியர்ஸ் ரோபக் நிறுவனம். அவர்களுக்குப் பதிப்பு என்ற சங்கதியே தலைவலி. பதிப்பு புதிதாக இருக்கும்வரை விற்கும், பழசாக ஆக விற்பனை படுக்கும். அடுத்தது வருகிறது என்று வதந்தி கிளம்பினால் அறவே நிற்கும். பதிப்பு முடிந்ததும் ஆசிரியர் குழுவைக் கலைத்துவிடுவதால், பத்துப் பதினைந்து வருடம் கழித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே 1930களில் ‘தொடர் திருத்தம்’ என்ற முறைக்கு மாறினார்கள். குழு நிரந்தரம். வருடத்துக்கு ஒரு மறுஅச்சு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் திருத்தம். கூடவே 1938 முதல் ஓர் ஆண்டு மலர்.

கேட்க நன்றாக இருக்கிறது. அச்சுத்தகட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் சங்கடம் புரியும். ஒரு பக்கம் ஒரு தகடு. ஒரு மன்னர் செத்துவிட்டார், ஒரு வரி கூடுகிறது என்றால், அதே பக்கத்தில் வேறெங்கோ ஒரு வரியை வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளும், அது அதற்கடுத்த பக்கத்தைத் தள்ளும், அத்தனை தகட்டையும் மாற்ற வேண்டும், பொருளடைவில் கொடுத்த பக்க எண்கள் எல்லாம் பொய்யாகும். ஒரு நாட்டின் வரலாறு இரண்டு பத்தி வளர்ந்தால், அதே பக்கங்களில் தற்செயலாக அண்டை வீட்டில் குடியிருக்கிற ஒரு கவிஞரோ ஒரு பூச்சியோ இரண்டு பத்தி இளைப்பார். எது முக்கியம் என்பதை அறிஞர் குழு அல்ல, அகரவரிசையில் பக்கத்து வீடு முடிவு செய்தது. யாரும் வாய் திறக்காத கட்டுரைகள் தொடப்படாமலே வருடக்கணக்கில் மறுஅச்சாயின. ஹார்வி ஐன்பைண்டர் என்ற இயற்பியலாளர் 1964இல் கணக்கெடுத்தபோது, 9ஆம் 11ஆம் பதிப்புக் காலத்துச் சரக்காக 666 கட்டுரைகள் அப்படியே கிடந்தன.

பழைய நூலகங்களில் இன்னும் இந்தச் செட்கள் உண்டு. முதுகில் 14ஆம் பதிப்பு என்று இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, 1929 முதல் 1973 வரை எல்லாவற்றுக்கும் அதே எண்தான். உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் கடைசி ஆண்டைப் பார்க்க வேண்டும். அதன் பிறகும், எடுத்த கட்டுரையில் எந்த வருட மக்கள்தொகை கொடுத்திருக்கிறார்கள், நூற்பட்டியலில் கடைசி நூல் எந்த வருடத்தது என்று பார்த்தால்தான் அந்தக் கட்டுரையின் அசல் வயது தெரியும்.

1974இல் வந்த 15ஆம் பதிப்பு 30 தொகுதி. அமெரிக்கத் தத்துவவியலாளர் மார்ட்டிமர் ஆட்லரின் யோசனைப்படி மூன்றாகப் பிரித்தார்கள்: சிறு பதிவுகள் 10 தொகுதி, நெடுங்கட்டுரைகள் 19 தொகுதி, அறிவு முழுவதையும் கிளை கிளையாக வரைந்து காட்டும் ஒரு தொகுதி. இந்தக் கடைசித் தொகுதி 1728இல் சேம்பர்ஸ் முன்னுரையில் போட்ட மரம்தான், தடித்துப்போயிருந்தது. சிறு பதிவுகளே பொருளடைவாகவும் உதவும் என்று சொல்லிப் பொருளடைவை எடுத்துவிட்டார்கள். நூலகர்கள் விடவில்லை. 1985இல் இரண்டு தொகுதிப் பொருளடைவைத் திரும்பச் சேர்த்து 32 தொகுதியாக்கினார்கள்.

வட்டும் வலையும்

வீடு வீடாகப் போய் விற்கும் முறைக்கு 1990 உச்ச வருடம். அமெரிக்காவில் மட்டும் சுமார் 1,20,000 செட் போயிற்று. செட்டின் விலை 1,500 டாலருக்கு மேல். அச்சும் பைண்டிங்கும் ஏறத்தாழ 250 டாலர், விற்றவருக்குக் கமிஷன் 500, 600 டாலர். அதாவது புத்தகத்தைச் செய்வதைவிட வாசலில் நின்று பேசுவதற்குத்தான் செலவு அதிகம். மைக்ரோசாஃப்ட் 1993இல் ஃபங்க் அண்ட் வேக்னல்ஸ் கலைக்களஞ்சியத்தின் உரையை வாங்கி ‘என்கார்ட்டா’ என்ற குறுவட்டாக (சிடி) வெளியிட்டது. அந்த உரை பிரிட்டானிக்காவுக்குப் பக்கத்தில்கூட நிற்காது. வட்டு ஒன்றுக்கு ஆன செலவோ ஒன்றிரண்டு டாலர். ‘பிள்ளைகள் படிப்புக்கு’ என்று செட் வாங்கிக்கொண்டிருந்த பெற்றோர் அதே காரணத்துக்காகக் கணினி வாங்கினார்கள், வட்டு அதோடு இலவசமாக வந்தது. பிரிட்டானிக்காவுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்பது பொய். அவர்களுடைய காம்ப்டன்ஸ் கலைக்களஞ்சியம் 1989லேயே வட்டாக வந்துவிட்டது, 1994இல் பிரிட்டானிக்காவே இணையத்தில் ஏறியது. 500 டாலர் கமிஷனில் வாழ்ந்த விற்பனைப் படையை 50 டாலர் வட்டை வைத்துக் காப்பாற்ற வழியில்லை. 1996இல் நிறுவனம் கைமாறியது. 2010 அச்சுதான் கடைசி என்று 2012 மார்ச்சில் அறிவித்தார்கள். என்கார்ட்டா அதற்கு மூன்று வருடம் முன்பே மூடியாயிற்று.

ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் 2000இல் தொடங்கிய நூபீடியா பழைய அச்சுலக முறையையே இணையத்தில் நடத்திப் பார்த்தது: நிபுணர் எழுதுவார், ஏழு கட்டமாகச் சரிபார்ப்பார்கள். முதல் வருடத்தில் இரண்டு டஜன் கட்டுரை தேறுவதே பெரும்பாடாயிற்று. பக்கத் துணையாக 2001 ஜனவரி 15இல் ஆரம்பித்த விக்கிப்பீடியா, முதலில் வெளியிடு, பிறகு திருத்து என்று வரிசையைத் தலைகீழாக்கியது. ஈய எழுத்தைப் பிரித்துப் போட வேண்டாம், வரிக்கு வரி வெட்ட வேண்டாம், ‘இசட்’டுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 2005இல் நேச்சர் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டு, சராசரியாகக் கட்டுரைக்கு விக்கிப்பீடியாவில் நான்கு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று என்றது. ஒப்பீட்டு முறையே தவறு என்று பிரிட்டானிக்கா நீண்ட மறுப்பு வெளியிட்டது.

ஆரம்ப வருடங்களில் காலியிடத்தை நிரப்ப ஆங்கில விக்கிப்பீடியர்கள் எடுத்துப் போட்டது, காப்புரிமை முடிந்திருந்த 11ஆம் பதிப்பின் உரையை. பழைய அரசர்கள், ஆயர்கள், தளபதிகள் பற்றிய பல கட்டுரைகளின் அடியில் 1911 பிரிட்டானிக்காவிலிருந்து என்ற குறிப்பு இன்றும் இருக்கிறது. ‘சந்தேகமின்றித் திறமைசாலி’, ‘குணத்தில் பலவீனர்’ என்று கட்டுரை தடாலடியாக மதிப்பெண் போட்டால் அது பெரும்பாலும் அந்தக் காலத்துக் குரல்தான். முன்பு ஒரு தொகுதிக்கு ஒரு தேதி இருந்தது, தலைப்புப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது ஒரே பத்தியில் முதல் வாக்கியம் போன வாரத்தது, மூன்றாவது வாக்கியம் 1911. எது எப்போது வந்தது என்று தெரிய, கட்டுரையின் தலையில் இருக்கும் ‘வரலாற்றைக் காட்டவும்’ என்ற இணைப்பை அழுத்தி, அந்த வாக்கியம் முதலில் தலைகாட்டிய பதிவு வரை பின்னோக்கிப் போக வேண்டும்.